ஆபுத்திரன் அம்பலமும் தங்கவயலும்: மாற்றுத்திறனாளிகளுக்கான ஆதரவும் கற்றலும் – ஒரு திறனாய்வு

முன்னுரை

கருநாடக மாநிலம் கோலார் மாவட்டத்தைச் சேர்ந்த கோலார் தங்கவயல், தமிழாய்வுலகிற்கு அறிமுகம் வேண்டாத ஊராகும். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்குச் சுரங்கத் தொழிலை மேற்கொண்ட நாள் முதல், வட ஆர்க்காடு உள்ளிட்ட மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்த தமிழர்கள், அவருள்ளும் பெரும்பான்மையினரான ஒடுக்கப்பட்ட மக்கள், அவ்வூரைத் தம் உழைப்பால் உருவாக்கினர். அவர்தம் வாழ்வைப் பற்றிய எழுத்துகள் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் வெளிவரத் தொடங்கிய பின், தங்கவயலின் பௌத்த இயக்கம் பல ஆய்வேடுகளுக்குப் பொருளாயிற்று. தொழிலாளர் போராட்ட வரலாற்றை ஜானகி நாயர் 1998இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். 2024இல் வெளிவந்த ‘தங்கலான்’ திரைப்படம் தங்கம் தேடிச் சென்ற தொடக்கக் காலத்தைப் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவந்தது.

இவ்வெழுத்துகள் அனைத்திலும் உழைக்கும் உடல் இடம்பெறுகிறது. போராடும் உடலும் இடம்பெறுகிறது. உழைப்பினால் குறைப்பட்ட உடலோ ஒரு வரிச் செய்தியாக நின்றுவிடுகிறது. கை கால் இழந்தோர், நுரையீரல் பழுதுற்றோர், பிறவியிலேயே குறையுற்ற மக்கள், அவர்களைப் பேணும் குடும்பத்தினர் ஆகியோர் எங்ஙனம் வாழ்ந்தனர், எதனைக் கற்றனர், யாரிடமிருந்து ஆதரவு பெற்றனர் என்னும் வினாக்கள் தமிழாய்வில் இன்னும் உரியவாறு எழுப்பப்படவில்லை. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘ஆதரவும் கற்றலும் ஓரிடத்தே இணையும்பொழுதுதான் குறையுற்றோர் கொள்வோர் என்னும் நிலையினின்று நீங்கிச் சமுதாய உறுப்பினர் ஆகின்றனர், இவ்விணைப்பிற்கான முன்மாதிரி தங்கவயல் தமிழரின் வரலாற்றிலேயே உண்டு’ என்பது இக்கட்டுரையின் கருதுகோள். மணிமேகலைக் காப்பியமும், தங்கவயல் வரலாறும், மாற்றுத்திறனாளிகள் தொடர்பான சட்டங்களும் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. மணிமேகலையைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. தங்கவயல் பௌத்தர்கள் தம் முன்னோர் நூலெனப் போற்றிய காப்பியம் அது.

சொல்லும் நோக்கும்

ஒரு சமுதாயம் குறையுற்றோரை நோக்கும் முறையை அது வழங்கும் சொற்கள் காட்டிவிடும். புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், குருடு, கூன், ஊமை, செவிடு முதலிய எட்டு நிலைகளை ‘எச்சம்’ என்னும் பெயரால் தொகுத்துரைக்கின்றார். பிறவிப் பயன் எய்தாத நிலைகள் என்னும் கருத்து அங்கு மேலோங்கியுள்ளது. திருக்குறளின் 618ஆம் குறளில் வரும் ‘பொறி’ என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் விதி எனப் பொருள் கொண்டார். உடலுறுப்பு எனக் கொள்வாரும் பிற்காலத்தில் உளர். பின்னைய பொருளைக் கொண்டால், உறுப்புக்குறை எவர்க்கும் பழியாகாது என்னும் தெளிந்த மறுப்பு நமக்குக் கிடைக்கிறது. ஒரே மரபில் இரு நோக்குகளும் அருகருகே நின்றுள்ளன என்பது இதனால் பெறப்படும்.

இருபதாம் நூற்றாண்டில் ‘அங்கஈனர்’, ‘ஊனமுற்றோர்’ என்னும் சொற்கள் வழங்கின. தமிழ்நாட்டரசு 2010ஆம் ஆண்டையொட்டி ‘மாற்றுத்திறனாளிகள்’ என்னும் சொல்லை அலுவல் வழக்கிற்குக் கொண்டுவந்தது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் இலக்கண மாணவர் ஒரு வினாவை எழுப்புதல் இயல்பு. நன்னூலார் தகுதி வழக்கு மூன்றனுள் ‘மங்கலம்’ என்பதனையும் ஒன்றாகக் கூறுகின்றார். செத்தாரைத் துஞ்சினார் என்பது அவ்வழக்கு. அங்கே சொல் மாறுகிறது, நிகழ்வு மாறுவதில்லை. ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல்லும் மங்கல வழக்காகவே நின்றுவிடுமா, அன்றித் திறனை வளர்க்கும் ஏற்பாடுகளையும் உடன்கொணருமா என்பதே அவ்வினா. திறன் கற்றலால் வளர்வது. கற்றலுக்கு இடம் வகுக்காத சமுதாயம் ஒருவரைத் திறனாளி என அழைப்பது வெறும் மங்கலமே ஆகும்.

இக்கட்டுரையில், வாழும் மனிதரைச் சுட்டும்பொழுது மாற்றுத்திறனாளிகள் என்னும் சொல்லும், பழைய இலக்கிய, தொழில் நிலைகளைச் சுட்டும்பொழுது உடற்குறை என்னும் சொல்லும் ஆளப்படுகின்றன.

ஆபுத்திரன் காட்டும் ஆதரவு

தமிழ்க் காப்பியங்களுள் உடற்குறையுற்றோரை ஒரு கூட்டமாகக் கண்முன் நிறுத்துவது மணிமேகலை. ஊராரால் ஒதுக்கப்பட்டுத் தென்மதுரை வந்தடைந்த ஆபுத்திரன், சிந்தாதேவியின் கலைநியமத்து முன்றிலில் உள்ள அம்பலத்தில் தங்குகின்றான். வீடுதோறும் சென்று இரந்து வந்த உணவைக் கண்ணிழந்தோர், காது கேளாதோர், கால் முடப்பட்டோர், பேணுவார் அற்றோர், நோயுற்றோர் ஆகியோரை அழைத்து உண்பிக்கின்றான். அவர் உண்டு எஞ்சியதையே தான் உண்கின்றான். ஆபுத்திரன் திறம் அறிவித்த காதையின் இறுதியில் இக்காட்சி அமைகிறது. அடுத்த காதையில், இரவில் பசித்து வந்தோர்க்கு ஈவதற்கு வழியின்றி வருந்தும் அவனுக்குச் சிந்தாதேவி அமுதசுரபியை வழங்குகின்றாள்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, ஆதரவு நிகழும் இடம். சிந்தாதேவி கலைமகள், அவள் கோயில் கலைநியமம் எனப்படுகிறது. குறையுற்றோர் கூடும் அம்பலம் கல்விக் கோயிலின் முன்றிலில் அமைந்திருப்பது தற்செயலானது எனக் கொள்ளவியலாது. அமுதசுரபியைத் தருபவளும் திருமகள் அல்லள், கலைமகளே. இரண்டாவது, பேணுபவனின் நிலை. ஆபுத்திரன் செல்வன் அல்லன். தானும் சமுதாயத்தால் புறந்தள்ளப்பட்டவன். ஒதுக்கப்பட்ட ஒருவன் ஒதுக்கப்பட்ட பிறரைச் சேர்த்துக்கொள்ளும் ஆதரவாக அது அமைகிறது. மேலிருந்து கீழே வழங்கப்படும் கொடையினின்று இது வேறுபட்டது.

எனினும் காப்பியத்தின் எல்லையையும் திறனாய்வாளர் சுட்டுதல் வேண்டும். அம்பலத்திற்கு வருவோர் உண்கின்றனர், உறங்குகின்றனர். கலைநியமத்தின் முன்றிலில் இருந்தும் அவர்கள் கற்பதாகக் காப்பியம் கூறவில்லை. அவர்களுள் ஒருவரும் பேசுவதில்லை. கச்சிமாநகர் புக்க காதையிலும் இதே நிலைதான். பதினெட்டு மொழி பேசும் மக்களுள் காணாதோரும் கேளாதோரும் பேசாதோரும் காஞ்சியில் வந்து குழுமுகின்றனர். மணிமேகலை அவர்களுக்கு உணவளிக்கின்றாள். அடுத்த காதையில் அறவணவடிகளிடம் அளவையும் அறமும் கேட்பவள் மணிமேகலை ஒருத்தியே. பாத்திரம் ஏந்தியவள் கற்கின்றாள். பாத்திரத்தில் உண்டவர்கள் கற்றனரா என்பது தெரியவில்லை. காப்பியத்தில் ஊட்டலும் கற்றலும் அடுத்தடுத்த காதைகளில் நிற்கின்றன, ஒன்றுகலக்கவில்லை.

பசிப்பிணி தீர்த்தலே தலையாய அறம் என்னும் காப்பிய நோக்கில் இது குறையன்று எனலாம். வினைக்கோட்பாட்டை ஏற்றுக்கொண்ட பழங்காப்பியம் ஒன்றிடம் இன்றைய உரிமைக் கோட்பாட்டை எதிர்பார்த்தல் முறையன்று எனவும் வாதிடலாம். அவ்வாதம் ஏற்புடையதே. ஆயின் காப்பியத்தைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. காப்பியம் அருகருகே வைத்துப் பிரித்து விட்டுச்சென்ற இரண்டனைப் பின்வந்தோர் இணைத்தனரா என்று காண்பதே நோக்கம். அவ்வினாவுக்குரிய களம் தங்கவயலாகும்.

சுரங்கமும் உடலும்

தங்கவயலின் சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. உலகின் ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. அவ்வாழத்தில் வெப்பமும் பாறையழுத்தமும் மிகுதி. அழுத்தம் தாளாத பாறை திடீரென வெடித்துச் சிதறும் நிகழ்வுகள் அங்கு அடிக்கடி நேர்ந்தன. உயிரிழந்தோர் எண்ணிக்கையாகப் பதிவாயினர். உயிர் பிழைத்து உறுப்பிழந்தோர் லைன் வீடுகளுக்குத் திரும்பினர்.

விபத்தினும் மெல்ல வந்து தாக்கியது தூசு. படிகப் பாறையைத் துளையிடும்பொழுது எழும் நுண்தூசு நுரையீரலில் தங்கி வடுக்களை உண்டாக்குகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய் பல்லாண்டுகள் கழித்தே வெளிப்படும், வெளிப்பட்டபின் மீட்சியில்லை, காசநோய் தொற்றும் வாய்ப்பையும் அது மிகுவிக்கிறது. இந்தியாவில் சுரங்கத் தொழிலாளரிடையே இந்நோய் முதன்முதலாக விரிவாக ஆராயப்பட்ட இடம் தங்கவயலே. 1940களில் நடந்த அம்மருத்துவ ஆய்வு, சோதிக்கப்பட்ட தொழிலாளருள் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் அந்நோயைக் கண்டது. நிறுவனம் மருத்துவமனை நடத்தியது, ஊதுகதிர்ப் படங்கள் எடுக்கப்பட்டன, இழப்பீடும் வழங்கப்பட்டது. இவற்றை மறைத்தல் வரலாற்றுக்கு முறையாகாது.

எனினும் அவ்வாதரவு உடலை எண்ணாக மாற்றிய ஆதரவாகும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் உறுப்பிழப்பு ஒவ்வொன்றுக்கும் உழைப்புத்திறன் இழப்பை விழுக்காட்டில் அளந்தது. கட்டைவிரல் ஒன்றை இழந்தால் 30 விழுக்காடு என்பது அதன் கணக்கு. தங்கவயலில் அதே விரல் மற்றொரு பொருளும் பெற்றிருந்தது. தொழிலாளரின் விரல்ரேகையைப் பதிவுசெய்யும் முறையை எதிர்த்து 1930இல் அங்குப் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. பதிவேட்டிற்கு அடையாளமாகவும் இழப்பீட்டுக்கு விழுக்காடாகவும் விரல் கருதப்பட்டது. அவ்விரலால் எழுதக் கற்றல் என்னும் மூன்றாம் பொருளை நிறுவனம் கருதவில்லை. அதனைக் கருதியோர் தொழிலாளருள்ளேயே இருந்தனர்.

சங்கம் என்னும் கற்றற்களம்

உ.வே. சாமிநாதையர் மணிமேகலையை 1898இல் பதிப்பித்தார். அதே ஆண்டில் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். இவ்விரு நிகழ்வுகளின் ஒருங்கமைவு தங்கவயலில் பயன் விளைத்தது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப் பகுதியிலும் சங்கத்தின் கிளைகள் தோன்றின. 1907இல் தொடங்கிய பண்டிதரின் ‘தமிழன்’ இதழ் தங்கவயல் தொழிலாளரிடையே பரவலாக வாசிக்கப்பட்டது. 1914இல் பண்டிதர் மறைந்தபின், 1926இல் அவ்விதழை ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மீண்டும் நடத்தினார். பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்த புத்தகசாலை அங்கிருந்து வெளியிட்டது. சுரங்கத்தில் உழைத்தோர் ஓர் இதழையும் பதிப்பகத்தையும் தாங்கிநின்றது தமிழ் அச்சு வரலாற்றில் சிறப்பிடம் பெறத்தக்கது.

இவ்வரலாற்றை ஆய்வாளர்கள் பெரும்பாலும் சமய வரலாறாகவோ அடையாள அரசியலாகவோ எழுதியுள்ளனர். அவ்வெழுத்துகளின் பயன் பெரிது. ஆனால் அச்சங்கங்களின் கற்றல் முறையும் தனியே நோக்கத்தக்கது. அதன் கூறுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவதாக, பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பு மறுக்கப்பட்ட வளர்ந்தோரை அது மாணவராக ஏற்றது. வயதையோ முன்கல்வியையோ தகுதியாகக் கேட்கவில்லை. இரண்டாவதாக, கற்குமிடம் குடியிருப்பின் நடுவிலேயே இருந்தது. மூன்றாவதாக, ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் முறை அங்கு நிலவியது. எழுத்தறியாமை அறிவுக்குத் தடையாக நிற்கவில்லை. நான்காவதாக, இதழில் வினா எழுப்பவும் விடை பெறவும் இடமிருந்தது. கேட்போர் பேசுவோராகவும் ஆயினர். ஐந்தாவதாக, கற்றலின் மொழி தாய்மொழியாக இருந்தது.

இச்சங்கங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கெனப் பள்ளி நடத்தின எனக் கூறுவது இக்கட்டுரையின் கருத்தன்று. அவை வகுத்த கற்றல் முறை, இன்று மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்தம் குடும்பத்திற்கும் வேண்டப்படும் முறையோடு பெரிதும் ஒத்துள்ளது என்பதே கருத்து. கேட்டுக் கற்றல் பார்வையற்றோர்க்கு உகந்தது. அண்மையிடம் நடக்கவியலாதோர்க்கு இன்றியமையாதது. வயதுத் தடையின்மை, பள்ளி மறுத்துவிட்டோர்க்கு மீண்டும் ஒரு வாயில். கலைநியமத்தின் முன்றிலில் பேசாதிருந்தோர் மாரிக்குப்பத்துச் சங்கத்தில் பேசத் தொடங்கினர் எனக் கூறினால் அது மிகையாகாது. அயோத்திதாசர் சித்த மருத்துவரும் ஆவார் என்பதனை இங்கு நினைவுகூர்தல் தகும். நோய் தீர்த்தலும் எழுத்தறிவித்தலும் ஒருவரிடமே கூடியிருந்தன.

பாத்திரம் நீங்கிய பின்

ஆபுத்திரன் கதையில் ஒரு திருப்பம் உண்டு. இந்திரன் மழை பொழிவித்து நாட்டை வளமாக்குகின்றான், பசித்து வருவோர் எவரும் இலர், அம்பலம் வெறிச்சோடுகிறது, அமுதசுரபி பயனின்றி நிற்கிறது. தங்கவயலில் நிகழ்ந்தது இதன் மறுதலை. 1956இல் மைசூர் அரசும் பின்னர் நடுவணரசும் ஏற்று நடத்திய சுரங்கங்கள், பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கீழ் இயங்கி, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. காப்பியத்தில் பசி நீங்கிற்று, பாத்திரம் எஞ்சிற்று. தங்கவயலில் பாத்திரம் நீங்கிற்று, தேவை எஞ்சிற்று. சுரங்க மருத்துவமனை செயலிழந்தது. நுரையீரலில் தங்கிய தூசு மட்டும் தொழிலாளருடன் வீட்டிற்கு வந்தது.

மூடலுக்குப் பிந்தைய வாழ்வின் ஒரு கூறு இங்குத் தனிக்கவனம் பெறத்தக்கது. உழைக்கும் வயதினர் பல்லாயிரவர் நாள்தோறும் விடியலில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் தொடர்வண்டிகளில் பெங்களூருக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். பகற்பொழுதில் குடியிருப்புகளில் எஞ்சுவோர் முதியோரும் நோயாளரும் மாற்றுத்திறனாளிகளும் அவர்களைப் பேணும் பெண்களுமே ஆவர். பேணும் தாய் வேலைக்குச் சென்றால் பிள்ளை தனித்திருக்கும். செல்லாவிடின் வருவாய் குன்றும். ஊர் முழுதும் தொழிலாளராயிருந்த நாளில் பக்கத்து வீட்டார் தந்த துணையும் இன்று சுருங்கிவிட்டது. ஆகவே அங்கு வேண்டப்படுவது தொலைவிலுள்ள விடுதியன்று. குடியிருப்பின் நடுவே, பகலில், குடும்பத்தாரும் உடனிருந்து கற்கும் இடமாகும்.

சட்டத்தின் நிலையையும் நோக்குவோம். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளை ஏற்கிறது. புறநானூற்றின் எட்டு இங்கு இருபத்தொன்றாயிற்று. ஆயினும் அப்பட்டியலில் சிலிக்கோசிஸ் இல்லை. தொழிற்சட்டங்கள் அதனைத் தொழில்வழி நோயாக ஏற்றுள்ளன. அவ்வழியில் பொறுப்புடையவர் முதலாளி. தங்கவயலிலோ சுரங்கம் மூடி இருபத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. தொழிற்சட்டம் ‘இவர் இப்போது தொழிலாளர் அல்லர்’ என்கிறது. உரிமைச் சட்டப் பட்டியல் ‘இவர் மாற்றுத்திறனாளி அல்லர்’ என்கிறது. இருபது அடி நடந்தால் மூச்சிரைக்கும் ஒருவர் எந்தச் சொல்லுக்குள்ளும் அடங்காது நிற்கின்றார். இராசத்தான் அரசு 2019இல் இந்நோயாளர்க்கெனத் தனிக் கொள்கை வகுத்து உதவித்தொகைக்கு வழிசெய்தது. இந்நோய் முதலில் விரிவாக ஆராயப்பட்ட மண்ணைச் சேர்ந்தோரும் அத்தகைய ஏற்பாட்டைக் கோருதல் நேர்மையே.

இதனோடு மொழிச்சிக்கலும் சேர்கிறது. மாநில ஆட்சிமொழி கன்னடம். மருத்துவச் சான்றுகளின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம். பேணும் தாயின் மொழி தமிழ். கன்னடம் கற்றல் தங்கவயல் தமிழரின் இன்றியமையாத தேவை என்பதில் ஐயமில்லை. இளந்தலைமுறையினர் அதனைக் கற்றும் வருகின்றனர். ஆனால் பிள்ளையின் குறைபாட்டின் தன்மையை, பயிற்சி முறையை, உரிமையை முதன்முதலாக அறியும் பொழுதில் தாய்மொழியே உதவும். காஞ்சியில் பதினெட்டு மொழியினரும் உண்டனர். உணவுக்கு மொழி வேண்டியதில்லை, அறிவுக்கு வேண்டும்.

ஒப்புநோக்கும் சில முன்மாதிரிகள்

மாற்றுத்திறனாளிகளை நிறுவனங்களுக்குள் வைத்துப் பேணுவதற்கு மாற்றாக, ஊரும் குடும்பமும் இணைந்து மேற்கொள்ளும் ‘சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு’ என்னும் நெறியை உலகச் சுகாதார நிறுவனம் 1978ஆம் ஆண்டின் அல்மா அட்டா அறிக்கைக்குப் பின் பரப்பியது. 2010இல் வெளிவந்த அதன் வழிகாட்டிகள் உடல்நலம், கல்வி, வாழ்வாதாரம், சமுதாய வாழ்வு, ஆற்றல்பெறல் என ஐந்து கூறுகளை வகுத்தன. உணவும் மருத்துவமும் அவ்வைந்தனுள் ஒரு பகுதியே என்பது கருதத்தக்கது.

தமிழகத்தில் இந்நெறிக்குச் சான்றாகத் தென்காசி அருகேயுள்ள ஆய்க்குடியின் அமர் சேவா சங்கத்தைக் கூறலாம். 1975இல் படைத்துறைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் அதனை 1981இல் தொடங்கினார். சிற்றூர்களில் இளங்குழந்தைகளின் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டு, பெற்றோர்க்குப் பயிற்சி முறைகளைக் கற்பிக்கும் பணியை அச்சங்கம் விரிவாக மேற்கொண்டுள்ளது. சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகர், மூளை முடக்குவாதம் உற்ற குழந்தைகளோடு பெற்றோரையும் கற்போராகக் கொண்ட அமைப்பு. அதனைத் தொடங்கியவரும் அத்தகைய குழந்தையின் தாயே. தங்கவயலுக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் 1959இல் தோன்றிய ஏ.பி.டி. என்னும் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தை நிறுவிய என்.எஸ். ஹேமா இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர். கருநாடகத்தில் கிராம ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளிகளையே மறுவாழ்வுப் பணியாளராக அமர்த்தும் முறையும் உண்டு.

இம்முன்மாதிரிகள் அனைத்திற்கும் பொதுவாய் அமைந்தது ஆபுத்திரப் பண்பாகும். ஒதுக்கலை உணர்ந்தோரே பிறரைச் சேர்த்துக்கொண்டனர். ஆனால் இவை ஆபுத்திரனைக் கடந்தும் செல்கின்றன. இங்குத் தாய் உணவு பெறுபவள் மட்டுமல்லள். தன் பிள்ளையின் உடலைப் பற்றிக் கற்று, அடுத்த வீட்டுத் தாய்க்குக் கற்பிப்பவளும் ஆகின்றாள். ஊட்டலும் கற்றலும் ஒரே காதையில் இணைகின்றன.

தங்கவயலிலும் இத்தகைய ஆற்றல் வற்றிவிடவில்லை என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. 2021இல் கொரோனா பெருந்தொற்றின்போது, இருபதாண்டுக்காலம் மூடிக்கிடந்த சுரங்க மருத்துவமனையைத் தன்னார்வலர்கள் கூடித் துப்புரவு செய்து நோயாளர்க்குப் பயன்படும்படி ஆக்கினர். மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். தங்கவயல் மக்கள் பாழ்பட்ட கட்டடத்தை மருத்துவக் கோட்டமாக்கினர். இடர் வந்த காலத்தில் செய்ததை இடரே வாழ்வாயினோர்க்கும் செய்தல் இயலாததன்று.

தமிழாய்வின் கடன்

இவற்றில் தமிழ்த்துறைகளுக்கு என்ன பங்கு என்னும் ஐயம் எழலாம். மறுவாழ்வு மருத்துவர்க்கும் சமூகப் பணியாளர்க்கும் உரியது. நமக்குரியது இலக்கியம் என ஒதுங்குதல் எளிது. ஆனால் மூன்று பணிகள் தமிழறிந்தோரால் மட்டுமே இயல்வன.

ஒன்று, பதிவு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளின் வரலாற்று அனுபவங்களைத் தொகுத்துக்காட்டும் அருங்காட்சியகம் அமைத்தலையும் அரசின் கடமைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. சுரங்கத்தில் உறுப்பிழந்தோரும் மூச்சிழந்தோரும் அவர்தம் மனைவியரும் கூறும் வாய்மொழி வரலாறு அத்தகைய காட்சியகத்தின் முதற்பொருளாகும். அதனைத் தொகுக்கத் தக்கோர் வட்டார வழக்கறிந்த தமிழாய்வாளர்கள். கூறுவோர் முதுமையெய்தி வருகின்றனர்; காலம் குறைவு.

இரண்டு, மொழியாக்கம். அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு முதியோர் கல்வியிலும் தொடர்கல்வியிலும் மாற்றுத்திறனாளிகள் பிறரோடு ஒப்பப் பங்குபெற வழிசெய்யுமாறு அரசையும் உள்ளாட்சிகளையும் பணிக்கிறது. 24ஆம் பிரிவு, மிகுதியான துணை தேவைப்படுவோர்க்குப் பேணுநர் படி வழங்குதலைக் குறிக்கிறது. இவ்வுரிமைகளை எளிய தமிழிலும் கன்னடத்திலும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டும், ஒலிவடிவில் பதிந்தும் வழங்கினால், தாய் ஒருத்தி தமிழில் அறிந்ததைக் கன்னடத்தில் கேட்டுப்பெற இயலும்.

மூன்று, வாசிப்பு. ‘தமிழன்’ இதழை ஒருவர் படிக்கப் பலர் கேட்ட மரபை, பகற்பொழுதில் வீட்டிலிருப்போர்க்கான வாசிப்புக் கூடமாகப் புதுப்பிக்கலாம். பார்வையற்ற ஒருவர் கதை கூறவும், நடக்கவியலாத ஒருவர் நூல் படிக்கவும், தாயர் தம் அனுபவத்தைப் பகிரவும் அக்கூடம் இடமளிக்கும். பெருஞ்செலவு இதற்கு வேண்டியதில்லை. மாரிக்குப்பத்துத் தொழிலாளர் தம் கூலியில் இதனினும் பெரிய பணியைச் செய்துகாட்டினர்.

முடிவுரை

மணிமேகலை உடற்குறையுற்றோரைக் கலைநியமத்தின் முன்றில் வரை அழைத்துவந்தது, உள்ளே அழைக்கவில்லை. சுரங்க நிறுவனம் உடற்குறையை விழுக்காடாக அளந்தது. சுரங்கம் மூடியபின் அளப்பாரும் இலர். 2016ஆம் ஆண்டுச் சட்டம் கற்றலையும் ஆதரவையும் உரிமையாக எழுதிவைத்தும், தங்கவயலின் தனிநோயைத் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. இம்மூன்றுக்கும் இடையே, கற்க மறுக்கப்பட்டோர் தாமே கூடிக் கற்ற சாக்கைய பௌத்த சங்க மரபு நிற்கிறது. ஆதரவும் கற்றலும் இணையும் முன்மாதிரி தங்கவயலின் வரலாற்றிலேயே உண்டு என்னும் கருதுகோள் இதனால் வலுப்பெறுகிறது.

அயோத்திதாசரையும் அப்பாதுரையாரையும் ஆய்வேடுகளில் போற்றும் நாம், அவர்கள் விட்டுச்சென்ற முறையை அவர்தம் ஊரில் இன்று பகல் முழுதும் வீட்டிற்குள் இருப்போரிடம் கொண்டுசெல்லாவிடின், அப்போற்றுதலும் ஒரு மங்கல வழக்கே ஆகும். அம்பலம் இருக்கிறது, கலைநியமமும் இருக்கிறது. இரண்டிற்கும் இடையிலுள்ள கதவைத் திறத்தலே எஞ்சிய பணி.